பன்னிரண்டு வாரச் சீஷத்துவ வகுப்பு: கணக்கு எழுதுகிறவளின் மதிப்பீடு

இயேசுவின் சீஷராக, அதாவது அவரைப் பின்பற்றுகிறவராக, வாழக் கற்றுக்கொடுக்கும் வகுப்பு இது. பன்னிரண்டு வாரங்கள், வாரத்துக்கு ஒன்றரை மணி நேரம். நான் வராமல் போனது இரண்டு வாரம். தாமதமாக வந்தது நான்கு வாரம். வீட்டுப்பாடத்தைச் செய்யாமலே செய்துவிட்டதாகச் சொன்னது ஒரு வாரம். இந்தக் கடைசி விஷயத்தை வகுப்பிலேயே ஒப்புக்கொண்டுவிட்டேன் என்பதால் இங்கே எழுதுவதில் கூச்சமில்லை. இருபத்து நான்கு ஆண்டுகளாகக் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். எதைப் பற்றி எழுத உட்கார்ந்தாலும் முதலில் வரவையும் செலவையும் போட்டால்தான் கை ஓடும்.

வகுப்பின் பெயரையோ நடத்துகிறவர்களின் பெயரையோ சொல்லப் போவதில்லை. நல்ல எண்ணத்தோடு, சம்பளம் வாங்காமல் செய்கிறார்கள். நானோ நிறையக் குறை சொல்லப் போகிறேன். இதே அச்சில் வார்த்த வகுப்புகள் எத்தனையோ நடக்கின்றன. அவற்றில் ஒன்றில் சேரலாமா என்று யோசிப்பவருக்கு இதில் ஏதாவது பயன்படலாம்.

சேர்ந்தவர்களுக்குக் கிடைப்பவை இவை: ஒரு பயிற்சிப் புத்தகம், வாரம் ஒரு காணொளி, கைப்பேசியில் ஒரு செயலி, பிறகு நான்கு பேர் கொண்ட ஒரு குழு. குழு வியாழக்கிழமை இரவு இணையத்தில் கூடும். என் குழுவில் ஓர் ஆம்புலன்ஸ் ஓட்டுநர், ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர், இரவுப்பணி செவிலியர் ஒருவர், நான். எங்களை வழிநடத்தியவர் இறையியல் படித்த இளைஞர். என் மகளைவிட ஐந்தாறு வயதுதான் மூத்தவராக இருப்பார்.

நான் சேர்ந்ததற்குக் காரணமும் மகள்தான். மாமியாருக்கு மூன்று ஆண்டுகளாக ஞாபகமறதி நோய். இன்று என்ன கிழமை என்று ஒரு நாளில் நாற்பது முறை கேட்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து நான் அவருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தபோது மகள் சொன்னாள்: "அம்மா, கோயிலில் பாடுகிற குரல் வேறு, பாட்டியிடம் பேசுகிற குரல் வேறு. கவனித்திருக்கிறீர்களா?" கவனித்ததில்லை. ஞாயிறு பள்ளியில் மனப்பாட வசனப் போட்டிகளில் வாங்கிய பரிசுகள் இன்னும் அலமாரியில் இருக்கின்றன. அவை எதுவும் அவள் கேட்டதற்குப் பதிலாகவில்லை.

முதலில் மோசமானவற்றை முடித்துவிடுகிறேன். காணொளிகளைப் பார்க்காமல் விட்டாலும் நஷ்டமில்லை. பேசுகிறவர் நன்றாகத்தான் பேசுகிறார். ஆனால் அவர் சொன்ன கதைகளை எண்ணிக்கொண்டே வந்தேன்: வேலையை விட்டுவிட்டு ஊழியத்துக்குப் போனவர்களின் கதை ஒன்பது. வேலையில் இருந்துகொண்டே சீஷராக வாழ்ந்தவரின் கதை ஒன்றுகூட இல்லை. திங்கட்கிழமை காலையில் அலுவலகம் போக வேண்டியவர் இதைக் கேட்டால், நாம் எல்லாம் இரண்டாம் தரம் போலிருக்கிறது என்றுதான் நினைப்பார். சுவிசேஷத்திலேயே இரண்டு வகையும் இருக்கின்றன. லேவி என்ற ஆயக்காரர், அதாவது வரி வசூலிப்பவர், ஆயத்துறையை விட்டு எழுந்து போனார். ஆயக்காரருக்குத் தலைவனான சகேயு போகவில்லை. போகும்படி யாரும் அவரிடம் சொல்லவுமில்லை. அதற்கு முன்பே, நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று ஆயக்காரர் கேட்டபோது இயேசுவுக்கு முன்னோடியாக வந்த யோவான்ஸ்நானகன் சொன்னதும் வேலையை விடு என்றல்ல, கட்டளையிட்டதற்கு அதிகமாக வாங்காதே என்றுதான். லூக்கா மூன்றாம் அதிகாரத்தில் இருக்கிறது. கணக்குப் பிரிவில் இருப்பவர்களுக்கு இதைவிட நேரடியான வசனம் வேதத்தில் இல்லை என்பது என் எண்ணம்.

செயலியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தினமும் வேதம் வாசித்ததும் ஒரு பச்சை வட்டம் நிறையும். ஒரு நாள் விட்டால் எண்ணிக்கை மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். பத்தொன்பதாம் நாள் இரவு மாமியாருக்குக் காய்ச்சல். மறுநாள் காலை செயலி எனக்கு ஒரு சோகமான முகத்தைக் காட்டியது. சீஷத்துவத்துக்கு இப்படி வருகைப் பதிவேடு வைக்கலாம் என்று யாருக்குத் தோன்றியதோ தெரியவில்லை. அறிவிப்புகளை அன்றே நிறுத்திவிட்டேன்.

புத்தகத்தில் இன்னொரு கோளாறு. காலையில் ஒரு மணி நேரம் யாரும் தொந்தரவு செய்யாத தனிமை எல்லோருக்கும் கிடைக்கும் என்று எடுத்துக்கொண்டே அது எழுதப்பட்டிருக்கிறது. இரவுப்பணி முடிந்து காலை எட்டு மணிக்கு வீட்டுக்கு வரும் செவிலியர் முதல் வாரமே கேட்டார், என்னுடைய காலை எது என்று. வழிநடத்துபவரிடம் பதில் இல்லை. அடுத்த வாரம் வந்து, நான் யோசிக்காமல் சொல்லிவிட்டேன், உங்களுக்கு எந்த நேரம் முடியுமோ அதுதான் காலை என்றார். அப்போதுதான் அவர் மேல் எனக்கு மரியாதை வந்தது.

அந்த மரியாதை அதே இரண்டாம் வாரத்தில் இன்னும் கூடியது. அன்று காணொளியைத் தள்ளிவைத்துவிட்டு ஒரே ஒரு வசனத்தை எடுத்துக்கொண்டார், லூக்கா 9:23. "ஒருவன் என் பின்னே வர விரும்பினால் அவன் தன்னைத்தான் வெறுத்து, தன் சிலுவையை அனுதினமும் எடுத்துக்கொண்டு, என்னைப் பின்பற்றக்கடவன்." மத்தேயுவிலும் மாற்கிலும் இதே வசனம் இருக்கிறது, ஆனால் 'அனுதினமும்' என்ற சொல் லூக்காவில் மட்டும்தான் வருகிறது என்றார். எத்தனை முறை ஒப்புவித்திருப்பேன், இது எனக்குத் தெரியாது. சிலுவை என்றால் ஒரே ஒரு நாளில் முடிகிற காரியம். அதை அனுதினமும் என்று சொன்னால், மருந்து கொடுப்பதும் படுக்கை விரிப்பு மாற்றுவதும் மின்னஞ்சலுக்குப் பதில் எழுதுவதும் அதற்குள் வந்துவிடுகின்றன.

பிறகு 'வெறுத்து' என்ற சொல்லுக்கு வந்தார். கிரேக்க மூலத்தில் அந்த இடத்தில் வெறுப்பைக் குறிக்கும் வினை இல்லையாம். பேதுரு சேவல் கூவுவதற்கு முன்னால் இயேசுவைத் தெரியாது என்று மறுதலித்தாரே, அதே வினைச்சொல்தான் இங்கேயும். அதே லூக்காவின் பதினான்காம் அதிகாரத்தில், தகப்பனையும் தாயையும் வெறுக்காவிட்டால் என்று வருகிற இடத்தில் இருப்பதுதான் நிஜமாகவே வெறுப்பு என்ற சொல். பழைய தமிழ் மொழிபெயர்ப்பு இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டுவிட்டது. 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பில் 'தன்னலம் துறந்து' என்று இருக்கிறது. தமிழாசிரியை இதைக் கேட்டுவிட்டு, துறத்தல் வேறு, வெறுத்தல் வேறு, மறுத்தல் வேறு என்று பத்து நிமிடம் பேசினார். நான் அதைக் குறித்துக்கொள்ளவில்லை. என் மனம் பேதுரு சொன்ன வார்த்தையிலேயே நின்றுவிட்டது: "அவனை அறியேன்."

தன்னைத்தான் வெறுப்பது என்றால் உறங்காமலும் உடம்பைப் பார்த்துக்கொள்ளாமலும் கிடப்பது என்றே சிறு வயதிலிருந்து நினைத்திருந்ததாகச் செவிலியர் அன்று சொன்னார். எனக்கும் கிட்டத்தட்ட அப்படித்தான். இப்போது வேறு மாதிரி முயன்று பார்க்கிறேன். முப்பத்தேழாவது முறை மாமியார் கிழமை கேட்கும்போது, "இப்போதுதானே சொன்னேன்" என்று எனக்குள் ஒருத்தி எழுந்திருப்பாள். அவளைப் பார்த்து, உன்னை அறியேன் என்று சொல்வது. சொல்லிவிட்டு, "வியாழக்கிழமை, அத்தை" என்று பதில் கொடுப்பது. பத்து முறையில் மூன்று முறை பலிக்கிறது. நான்கு என்று எழுத ஆசைதான்.

சீஷன் என்பதற்கான கிரேக்கச் சொல்லுக்குக் கற்றுக்கொள்கிறவன் என்று பொருள் என்பதும், புதிய ஏற்பாட்டில் அந்தச் சொல் இருநூற்று அறுபது இடங்களுக்கு மேல் வருகிறது என்பதும், கிறிஸ்தவன் என்ற சொல் மூன்றே இடத்தில்தான் வருகிறது என்பதும் அதே வாரத்தில் கிடைத்தவை. அந்தியோகியா என்ற ஊரில் முதன்முதலாகக் கிறிஸ்தவர்கள் என்று பெயர் கொடுத்ததும், ஏற்கெனவே சீஷர்களாக இருந்தவர்களுக்குத்தான். நான் இந்த வரிசையைத் தலைகீழாக வைத்திருந்தேன்: பிறப்பில் கிறிஸ்தவள், சீஷி ஆவது விருப்பப் பாடம்.

தினமும் இரவில் செய்யச் சொல்லும் ஒரு பயிற்சியும் புத்தகத்தில் உண்டு. ஐந்து படிகள்: நன்றி சொல்வது, வெளிச்சம் கேட்பது, எழுந்ததிலிருந்து மணிக்கு மணி நாளைத் திருப்பிப் பார்ப்பது, மன்னிப்புக் கேட்பது, நாளைக்கு என்ன என்று தீர்மானிப்பது. இது இயேசு சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியார் பதினாறாம் நூற்றாண்டில் வகுத்துக் கொடுத்தது. புத்தகத்தில் அவர் பெயர் எங்கேயும் இல்லை. கத்தோலிக்கர் என்பதால் விட்டுவிட்டார்கள் போலும். இரவல் வாங்கியதை இரவல் என்று எழுதுவதும் சீஷத்துவத்தில் சேர்த்திதான் என்று வகுப்பிலேயே சொன்னேன். பயிற்சியைப் பற்றி எனக்குக் குறையே இல்லை. ஆத்துமாவிடம் மணிக்கு மணி கணக்குக் கேட்பது என்பது என் தொழிலுக்கு மிகவும் பழக்கமான வேலை. ஏழு நிமிடம் ஆகும். படுக்கையில் செய்தால் தூங்கிவிடுவேன், அதனால் மாமியாரின் அறைக்கு வெளியே போட்டிருக்கும் நாற்காலியில் உட்கார்ந்து செய்கிறேன்.

ஏழாம் வாரத்துக்காகத்தான் இந்த மதிப்பீட்டையே எழுதுகிறேன்.

அன்றைய பாடம் மத்தேயு ஐந்தாம் அதிகாரம்: பலிபீடத்தில் காணிக்கை செலுத்த வந்த இடத்தில், "உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று" நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் முதலில் ஒப்புரவாகு, அதாவது அவனோடு சமாதானமாகு. தமிழாசிரியை உடனே குறளின் ஒப்புரவறிதல் அதிகாரத்துக்குப் போய்விட்டார், திருப்பிக் கொண்டுவர ஐந்து நிமிடம் ஆனது. எனக்கு அந்த ஐந்து நிமிடம் போதுமானதாக இருந்தது. அவன் பேரில் எனக்குக் குறை இருந்தால் என்று வசனம் சொல்லவில்லை. அப்படியென்றால் எனக்குச் சுலபம். நீண்ட பட்டியலே வைத்திருக்கிறேன். என் பேரில் யாருக்குக் குறை என்றுதான் கேட்கிறது. எனக்கு உடனே ஒரு முகம் தெரிந்தது.

நான்கு மாதங்களுக்கு முன்னால் எங்கள் பிரிவில் ஒரே பில்லுக்கு இரண்டு முறை பணம் போய்விட்டது. பதிவு செய்தவர் ஒன்றரை ஆண்டுகளுக்கு முன் சேர்ந்த இளைஞர். சரிபார்த்தேன் என்று கையெழுத்திட்டவள் நான். மாதக் கடைசி, பக்கத்தைத் திருப்பாமலே போட்ட கையெழுத்து. பணம் திரும்பி வந்துவிட்டது. ஆனால் எச்சரிக்கைக் கடிதம் அவருக்குப் போனது, அதை எழுதியதும் நான்தான். என் பெயர் அந்தக் கடிதத்தின் அடியில் மட்டும்தான் இருந்தது, காரணம் சொல்லும் பத்தியில் இல்லை.

வீட்டுப்பாடம்: அந்த ஒருவரிடம் இந்த வாரமே போங்கள். நான் போகவில்லை. எட்டாம் வாரம் வழிநடத்துபவர் வரிசையாகக் கேட்டுக்கொண்டு வந்தார், போனீர்களா என்று. போனேன் என்றேன். அதோடு தப்பித்திருப்பேன். ஆம்புலன்ஸ் ஓட்டுநர் எப்போதும் குறைவாகத்தான் பேசுவார். அன்று அவர் கேட்டார்: "அவர் என்ன சொன்னார், அக்கா?"

ஒரு பொய் சொல்ல முடிந்த எனக்கு, அந்த இளைஞரின் வாயில் ஒரு பதிலைக் கற்பித்து வைக்க முடியவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, இன்னும் போகவில்லை என்றேன். யாரும் எதுவும் சொல்லவில்லை. சரி, அடுத்த வாரம் கேட்கிறேன் என்று மட்டும் ஓட்டுநர் சொன்னார்.

செவ்வாய்க்கிழமை போனேன். சரிபார்க்காமல் கையெழுத்திட்டது நான், கடிதத்தில் அதை எழுதியிருக்க வேண்டும், எழுதவில்லை என்று சொன்னேன். மேலாளருக்கும் அப்படியே எழுதி, அந்த இளைஞரின் கோப்பில் திருத்தம் சேர்க்கச் சொன்னேன். இளைஞர், "சரி, மேடம்" என்றார். பிறகு திரையின் பக்கம் திரும்பிக்கொண்டார். அவ்வளவுதான். கண்ணீர் இல்லை, கைகுலுக்கல் இல்லை. இன்றுவரை என்னிடம் வேலைக்குத் தேவையானதற்கு மேல் ஒரு சொல் பேசுவதில்லை. புத்தகத்தில் 'உறவு மீண்ட அனுபவத்தை எழுதவும்' என்று ஐந்து கோடுகள் போட்டிருந்தார்கள். காலியாக விட்டேன். உறவு மீளாமல் போனால் எழுத ஓர் இடம் வேண்டும் என்று கடைசி நாள் கருத்துப் படிவத்தில் குறிப்பிட்டிருக்கிறேன். அவர் மன்னிக்க வேண்டும் என்பது எனக்கு இட்ட வீட்டுப்பாடம் அல்ல. அது புரிய எனக்கு இரண்டு வாரம் ஆனது, யாரும் விளக்கிச் சொல்லவில்லை.

இந்தக் குழு முறை எங்கிருந்து வந்தது என்று தேடிப் பார்த்தேன். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி 1738-இலேயே சிறு குழுக்களுக்கு விதிகள் எழுதியிருக்கிறார். கடந்த கூட்டத்துக்குப் பிறகு நீ அறிந்து செய்த பாவங்கள் எவை என்பது அங்கே வாரா வாரம் கேட்கப்பட்ட கேள்வி. எனக்கு அதைவிடப் பிடித்தது 1742-இல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் நடந்தது. சபைக் கட்டடத்தின் கடனை அடைக்க ஆளுக்கு வாரம் ஒரு பென்னி வசூலிப்பது என்று முடிவு செய்தார்கள். பன்னிரண்டு பேருக்கு ஒருவர் பொறுப்பு. கொடுக்க முடியாதவருக்காக அவரே போட்டுக்கொள்ள வேண்டும். அவர் வீடு வீடாகப் போனபோதுதான் உள்ளே நடப்பது கண்ணில் பட்டது: ஒருவர் மனைவியோடு சண்டையில் இருந்தார், இன்னொருவர் குடித்திருந்தார். வசூலுக்குப் போனவர்கள் மேய்ப்பர்களாக ஆனார்கள். கடன் கணக்கிலிருந்து ஒரு சீஷத்துவ முறை பிறந்தது என்பதில் எனக்குத் தொழில் சார்ந்த பெருமை ஒன்றும் உண்டு. இந்த வகுப்புப் புத்தகத்தில் இதுவும் இல்லை.

எட்டாம் வாரப் பாடம் வேலை. முழுதாக ஒரு பக்கம்! கொலோசெயர் 3:23-ஐ அழகான எழுத்தில் போட்டு, எதைச் செய்தாலும் கர்த்தருக்கென்றே மனப்பூர்வமாகச் செய்யுங்கள் என்று முடித்துவிட்டார்கள். அதற்கு முந்தைய வசனம் அடிமைகளைப் பார்த்துச் சொல்லப்பட்டது. சில வசனம் தள்ளி, நான்காம் அதிகாரத்தின் முதல் வசனம் எஜமான்களைப் பார்த்து, வேலைக்காரருக்கு நீதியும் செவ்வையுமானதைச் செய்யுங்கள் என்கிறது. எனக்குக் கீழே பதினோரு பேர் வேலை செய்கிறார்கள். எனக்கு எழுதப்பட்ட வசனம் அது. முந்தைய வாரம் நினைவுக்கு வந்த அந்த எச்சரிக்கைக் கடிதத்தை மனத்தில் வைத்துக்கொண்டு படித்தேன், நன்றாகவே தைத்தது. அடுத்த பதிப்பில் அந்தப் பக்கத்தை நான்காக விரிக்கலாம். ஆறாம் நூற்றாண்டில் பெனடிக்ட் என்ற துறவி தம் மடத்துக்கு எழுதிய ஒழுங்கில், மடத்தின் பொருள்களைக் கவனிக்கும் உக்கிராணக்காரருக்கென்றே ஓர் அதிகாரம், முப்பத்தோராவது, இருக்கிறது. மடத்தின் பாத்திரங்களையும் உடைமைகளையும் பீடத்தின் திருப்பாத்திரங்களைப் போலக் கருத வேண்டும் என்கிறார். கேட்டவருக்குக் கொடுக்கப் பொருள் இல்லையென்றால் ஒரு நல்ல வார்த்தையாவது கொடு என்கிறார். விடுப்பு கேட்டு வருகிறவரிடம் இல்லை என்று சொல்ல வேண்டிய நாட்களில் எனக்கு இது உபயோகப்படுகிறது.

ஒன்பதாம் வாரம் பணம். சகேயு பாதி ஆஸ்தியை ஏழைகளுக்குக் கொடுத்ததைச் சொல்லிவிட்டு நேரே தசமபாகத்துக்கு, அதாவது வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு கொடுப்பதற்கு, போய்விட்டார்கள். அநியாயமாக வாங்கியதை நாலத்தனையாக (நான்கு மடங்காக)த் திரும்பச் செலுத்துகிறேன் என்று அவர் சொன்ன மீதிப் பாதியைத் தொடவேயில்லை. காணிக்கை கொடுப்பதைவிடப் பழைய கணக்கைத் திறப்பது எவ்வளவு கடினம் என்று எனக்கு இப்போது தெரியும், ஆகவே அவர்கள் தாண்டிப் போனதில் ஆச்சரியமில்லை. பத்தும் பதினொன்றும் நான் வராத வாரங்கள். பன்னிரண்டாம் வாரம் சாட்சி சொல்லும் வாரம். எல்லோருடையதும் நன்றாக முடிந்த கதைகள், என்னுடையதைத் தவிர.

சேரலாமா என்று கேட்டால், சேரலாம், ஆனால் சேர்வதற்கு முன் இரண்டு விஷயங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். குழுவில் எத்தனை பேர், கடைசிவரை அதே ஆட்கள்தானா என்று கேளுங்கள். பதினைந்து பேர் என்றால் என் பொய் நின்றிருக்கும். வீட்டுப்பாடத்தைப் பற்றி அடுத்த வாரம் யாராவது கேட்பார்களா என்றும் கேளுங்கள். கேட்க மாட்டார்கள் என்றால் புத்தகத்தை மட்டும் வாங்கிக்கொள்ளலாம், அதையும் இரண்டாம் வாரம், ஏழாம் வாரம், இரவுப் பயிற்சி இவற்றுக்காக மட்டும். வீட்டில் நோயாளி இருப்பவர்கள் நேர அட்டவணையைக் கிழித்துப் போட்டுவிட்டுத் தொடங்குங்கள். அதற்காகக் குற்ற உணர்வு வேண்டாம். ஐந்துக்கு மூன்றரை நட்சத்திரம் கொடுக்கிறேன், அதில் இரண்டு ஆம்புலன்ஸ் ஓட்டுநருக்கு.

வகுப்பு முடிந்து ஆறு வாரம் ஆகிறது. வழிநடத்துபவர் அடுத்த குழுவுக்குப் போய்விட்டார். நாங்கள் நால்வரும் வியாழக்கிழமைகளில் அரை மணி நேரம் பேசுவதை நிறுத்தவில்லை. மாமியாரைப் பார்த்துக்கொள்ள மாதத்தில் இரண்டு நாள் உதவும்படி நாத்தனாரிடம் கேட்கப் போவதாகச் சொல்லியிருந்தேன். கேட்பதற்குக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. கேட்டீர்களா என்று போன வாரம் செவிலியர் விசாரித்தபோது, இணைப்புச் சரியில்லை, குரல் விட்டு விட்டுக் கேட்கிறது என்று சொன்னேன். பரவாயில்லை, வருகிற வியாழன் கேட்கிறேன் என்றார். இன்று புதன்.